பழைய நூல் சேலையில் விரிப்பு தைக்க: எத்தனை அடுக்கு, என்ன தையல், ஐப்பசி மழையில் எப்படிக் காயவைக்க?

களக்காட்டு வீடு:

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல பழைய நூல் சேலை ஏழு, எட்டு முழ வேட்டி நாலு கிடக்கு. கோரம்பாய்க்கு மேல போட ரெண்டு பெரிய விரிப்பு, பச்சப்பிள்ளைக்குச் சின்ன விரிப்பு நாலஞ்சு தைக்கணும்.

ஏற்கெனவே ஒண்ணு எட்டு அடுக்கு வச்சு மிதி மெஷின்ல தச்சதுல இவ்வளவு கோளாறு. மேல்துணி நகர்ந்து நகர்ந்து கடைசியில நாலு விரல் நீளம் மிச்சமாகி, ஓரமெல்லாம் சுருக்கம். ரெண்டு தடவை துவைச்சதும் அங்கங்க தையல் விட்டுப்போச்சு. உள்ள ஒரு துணி கிழிஞ்சு ஒரு பக்கமாத் திரண்டு உருண்டையா நிக்கு. மழைக்காலத்துல மூணு நாளாகியும் காயல, ஒரு மாதிரி முடை வாடை போகவே மாட்டேங்கு.

இன்னொண்ணும் கேக்கேன். வீட்டு இலவமரத்துப் பஞ்சு இருக்கு. அதை உள்ள வச்சுத் தைக்கலாமா?

---

பாளை தையல்:

எட்டு அடுக்குன்னு சொன்னதுலயே பாதிப் பதில் இருக்கு தங்கச்சி. விரிப்புக்கு எத்தனை அடுக்குங்கிறதை மெத்துன்னு இருக்கணுமேன்னு முடிவு பண்ணக் கூடாது. நனைஞ்ச பிறகு ஒரு ஆள் பிழிஞ்சு கொடியில தூக்கிப்போட முடியுமா, ஒரே வெயில்ல காயுமா, இதுதான் அளவு. ஒரு நூல் சேலை ஏறக்குறைய அரை கிலோ. மூணு சேலையை ஆறு அடுக்காத் தைச்சா ஒன்றரை கிலோ. நனைச்சுத் தூக்கினா நாலு கிலோவுக்கு மேல போகும். வீட்டு விரிப்புக்கு அதுவே உச்சம். மழை பிடிக்கிற ஊருக்கு அஞ்சு போதும். மெத்துன்னு வேணும்னா அஞ்சு அடுக்குல ரெண்டு தச்சு, ஒண்ணு மேல ஒண்ணு விரிச்சுக்கிடுங்க. துவைக்கும்போது தனித்தனி.

துணி நகர்ந்ததுக்குக் காரணம் மெஷினோட அமைப்பு. கீழ இருக்கிற பல் அடித்துணியை முன்னால இழுக்குது, மேல இருக்கிற ஃபுட் மேல்துணியை அழுத்திப் பிடிச்சு நிறுத்துது. அடுக்கு கூடக்கூட ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடும். அதனால மெஷினுக்குக் கொண்டுபோகும் முன்னால தரையில விரிச்சு நூலோட்டம், அதாவது துணி நகராம இருக்கப் பெருசு பெருசா போடுற தற்காலிகக் கைத்தையல், போட்டே ஆகணும். இதை விட்டுட்டு வேற என்ன செஞ்சாலும் சுருக்கம் வரும். நெடுக்கு, குறுக்கு ரெண்டு பக்கமும் அரைச் சாணுக்கு ஒரு ஓட்டம். அப்புறம் நட்டநடுவுல முதல் தையல். அதுக்கு வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணுன்னு ஓரத்தை நோக்கிப் போங்க. ஓரத்துல ஆரம்பிச்சா மிச்சத் துணி எல்லாம் மறு ஓரத்துல போய் நிக்கும், உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஃபுட்டை அழுத்துற கம்பிக்கு மேல ஒரு திருகு இருக்கும். அதை ரெண்டு சுத்து தளர்த்துங்க. ஊசி 18 நம்பர். 14 போட்டா கனத்துணியில வளைஞ்சு தையல் தாவும். தையல் நீளத்தை நாலுக்குப் பக்கத்துல வையுங்க, இஞ்சுக்கு ஆறேழு தையல் விழணும்.

தையல் விட்டதுன்னு சொன்னீங்களே, நூல் அறுந்துதா, துணி அறுந்துதான்னு பாருங்க. தையல் கோட்டோடயே தபால் தலை ஓரம் மாதிரி துணி கிழிஞ்சிருந்தா, தையல் ரொம்பப் பொடிசு. பழந்துணியை ஊசியே துளைச்சுத் தின்னுருச்சு. துணி நல்லா இருந்து நூல் மட்டும் அறுந்திருந்தா டென்ஷன், அதாவது மெஷின் நூலைப் பிடிக்கிற பிடி, இறுக்கம். பிழியும்போது துணி நீளும், இறுகின நூல் நீளாது.

---

கரிசல் அண்ணாச்சி:

பஞ்சு பத்திக் கேட்டதுக்கு நான் சொல்லுதேன். இலவம்பஞ்சைத் துவைக்கிற எதுலயும் வைக்காதீங்க. அந்த இழை உள்ள குழலா, மேல மெழுகுப் பூச்சோட வழுவழுன்னு இருக்கும். ஒண்ணோட ஒண்ணு பின்னிப் பிடிக்காது. நனைஞ்சா மூலைக்கு மூலை திரளும், காஞ்ச பிறகும் பிரியாது. தலையணைக்கும் மெத்தைக்கும் அது அருமையான சரக்கு, அங்க வையுங்க. அதையும் கம்பு வச்சு அடிக்கக் கூடாது. இழை நொறுங்கித் தூசியாயிடும். வெயில்ல போட்டாலே பொங்கிரும்.

உள்ள பஞ்சுதான் வேணும்னா பருத்திப் பஞ்சு. அதுலயும் எங்க கரிசக்காட்டுக் கருங்கண்ணி மாதிரி நாட்டுப் பருத்தி குட்டை இழை, கொஞ்சம் மொரமொரப்பு. அமுக்கினாலும் எழும்பி நிக்கும். வருசம் போனா பிரிச்சு எடுத்து வில்லடிச்சுத் திரும்ப வைக்கலாம், இலவத்துல அது நடக்காது. ஆனா பஞ்சு வச்சா தையல் கோடு நாலு விரலுக்கு மேல விலகக் கூடாது, விலகினா பஞ்சு ஒதுங்கும். என் கருத்தைக் கேட்டா, சேலை விரிப்புக்குப் பஞ்சே தேவையில்ல. வங்காளத்து காந்தா, வட கர்நாடகத்துக் கவுதி எல்லாம் பழந்துணியை அடுக்கித் தைக்கிறதுதான்.

உள்துணி உருண்டையாத் திரண்டதுக்கு இத்துப்போன துணியை வச்சதுதான் காரணம். உள்ளதானே யாரு பாக்கப் போறான்னு எல்லாரும் மோசமான துணியை உள்ள வைப்பாவ. பிழியுற இழுப்பு உள்துணிக்கும்தான் உண்டு. சேலையை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க. உக்காந்து உக்காந்து தேய்ஞ்ச இடமும், கால்ல உரசுற கீழ்க்கரை ஓரமும் சல்லடையாத் தெரியும். அங்க ரெண்டு கட்டைவிரலையும் சேத்து வச்சு நீளவாட்டுல இழுங்க, குறுக்குவாட்டுல இழுங்க. மளுக்குன்னு சத்தம் வந்தாலே கழிச்சிருங்க. லேசா மெலிஞ்சது மட்டும்னா வைக்கலாம். ஆனா ரெண்டு துணியோட மெலிஞ்ச இடம் ஒண்ணுக்கு மேல ஒண்ணு வராம மாத்தி அடுக்கணும்.

பாலியஸ்டர் கலந்த சேலையை நூல் சேலையோட சேக்காதீங்க. ஒண்ணு சுருங்கும், இன்னொண்ணு சுருங்காது. சந்தேகம்னா ஓரத்துல ரெண்டு இழை உருவித் தீயில காட்டுங்க. நூல்னா காகிதம் எரிஞ்ச வாடையும் சாம்பலும். கலப்புன்னா உருகிக் கெட்டியா மணி கட்டும்.

---

களக்காட்டு வீடு:

ரொம்ப நன்றிக்கா, அண்ணாச்சி. இப்பப் பிரிச்சுப் பாத்தேன், நூல்தான் அறுந்திருக்கு. டென்ஷன் கோளாறுன்னு புரியுது. ஒரு சேலையில எத்தனை துண்டு வெட்டன்னு கணக்குச் சொல்லுங்களேன். மெஷினை விட்டுட்டுக் கையில தைச்சா உழைக்குமா? அரக்குச் சேலை ஒண்ணு இருக்கு, சாயம் போகுமோன்னு பயமா இருக்கு. கல்லுப்புத் தண்ணியில ஊறவச்சா நிக்கும்ங்காவ.

---

அம்பை மதினி:

கையில தைச்சாத்தான் உழைக்கும். ஓட்டுத் தையல்ல நூல் துணியோட சேந்து நெளிஞ்சு கொடுக்கும், துணியும் மெதுவா இருக்கும். நேரம்தான் பிடிக்கும், ஒரு நாளைக்கு நாலு கோடு போட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிரும்.

கணக்கு இது. ரவிக்கைத் துணி இல்லாத சேலை அஞ்சரை மீட்டர், 216 இஞ்சு. அதுல 88 இஞ்சுல ரெண்டு துண்டு எடுத்தா 40 இஞ்சு மிச்சம். அகலம் சேலையோட அகலமே, 46 இஞ்சு வச்சுக்கிடுங்க. மூணு சேலையில ஆறு துண்டு. தைச்சு முடிக்கையில நாலு பக்கமும் இழுத்துக்கிட்டு 84க்கு 44 வந்து நிக்கும், அதனாலதான் கூட வச்சு வெட்டச் சொல்லுதேன். கத்தரியில வெட்டுறதைவிட ஓரத்துல ஒரு வெட்டுப் போட்டுக் கையால கிழிங்க. இழையோட நேரா வரும். கோணலா வெட்டின துண்டு துவைக்கத் துவைக்க ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போகும்.

ஒன்றரை இஞ்சுக்கு ஒரு கோடுன்னா 29 கோடு. நூல் மட்டும் 62 மீட்டர், ரெட்டை நூல்னா 124. முடிச்சுக்கும் நெளிவுக்கும் சேத்து 140 மீட்டர் கையில வச்சுட்டு ஆரம்பிங்க. பாதியில தீந்து வேற நூல் வாங்கினா அது தனியாத் தெரியும். நல்ல முறுக்குள்ள பருத்தி நூலா இருக்கணும். பூக்கட்டுற நூல் வேண்டவே வேண்டாம், அதுல முறுக்கு கிடையாது, முதல் துவையல்லயே பஞ்சாயிரும். தேன்மெழுகுத் துண்டுல நூலை ஒரு இழுப்பு இழுத்துக்கிட்டா சிக்கு விழாது. ஊசியில கோக்கிற நூல் கை நீளத்துக்கு மேல வேண்டாம். கோணி ஊசி எடுத்துராதீங்க, அது போடுற ஓட்டை மூடாது. நீளமான, கண் பெருசா இருக்கிற மெல்லிசு ஊசி போதும்.

தையல் மேலயும் கீழயும் நெல்லு நீளத்துக்கு விழணும். ஒவ்வொரு கோடும் முடியும்போது துணியைக் கையால நீவி விட்டு, கொஞ்சம் தளர்த்தி, அப்புறம் முடிச்சுப் போடுங்க. முடிச்சை ஓரத்துல போடாதீங்க. ரெண்டு இஞ்சு உள்ள தள்ளி, ஒரே இடத்துல மூணு தையல் போட்டு, வாலை அடுக்குக்கு நடுவுல இழுத்துவிட்டு வெட்டுங்க.

ஓரப்பட்டிக்கு அந்த 40 இஞ்சு மிச்சத்துல சேலையோட குறுக்குவாட்டுல, 46 இஞ்சு நீளம் 3 இஞ்சு அகலத்துல ஆறு பட்டி கிழிச்சு இணைச்சா சுத்தி வரப் போதும். சேலைக்கரையைப் பட்டியா வச்சா இன்னும் கெட்டி, அந்த இடத்துல நெசவு நெருக்கம். சரிகைக்கரை மட்டும் வேண்டாம், உடம்பை அறுக்கும்.

பச்சப்பிள்ளைக்கு வேட்டிதான். எட்டு முழ வேட்டியை நடுவுல ரெண்டாக் கிழிச்சா ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 180க்கு 125 சென்டிமீட்டர். அதை நாலா மடிச்சா 90க்கு 62, நாலு அடுக்கு தானா வந்துரும். சுத்தி ஒரு தையல், நடுவுல நாலு விரலுக்கு ஒரு கோடு. ஒரு வேட்டிக்கு ரெண்டு விரிப்பு. அது கீழ விரிக்கத்தான், பிள்ளைக்குப் போத்திவிடக் கூடாது. ஒட்டுப்போட்டு அலங்காரம் எல்லாம் அதுக்கு வேண்டாம், ஒவ்வொரு மூட்டும் பிள்ளை முதுகுல உறுத்தும்.

உப்பும் போட்டுப் பாருங்க, எங்க பக்கம் எல்லாரும் போடுவாவ.

---

பாளை தையல்:

மதினி சொன்ன மத்ததெல்லாம் அப்படியே செய்யலாம், உப்பு மட்டும் சரியில்ல. சாயத் தொட்டியில சாயம் ஏறுறதுக்குத்தான் உப்பு உதவும். ஏற்கெனவே ஏறி, பிடிக்காம நிக்கிற சாயத்தை அது பிடிக்கவைக்காது. அரக்குச் சேலையில ஒரு மூலையை நனைச்சு, வெள்ளை வேட்டித் துண்டுக்கு நடுவுல வச்சு, அது மேல தண்ணிச் செம்பு ஒண்ணைத் தூக்கி வச்சு, அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க. வெள்ளையில நிறம் இறங்கியிருந்தா தனியா வெந்நீர்ல துவைச்சு, தண்ணி தெளியுறவரைக்கும் அலசணும். நாலஞ்சு தடவைக்கு மேலயும் சிவப்பா இறங்குச்சுன்னா அந்தச் சேலையை விட்டுருங்க. இல்லாட்டி அதை மட்டும் வச்சு ஒரே நிறத்துல சின்ன விரிப்பாத் தைங்க.

முக்கியமான ஒண்ணை யாரும் சொல்லல. கஞ்சி. கஞ்சி போட்டுக் கட்டின சேலையை அப்படியே அடுக்கித் தைச்சா உள்ள மாவு நிக்கும். கரப்பான், துணியரிக்கிற வெள்ளிப்பூச்சி எல்லாம் அதைத் தேடித்தான் வரும். மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்கிறதும் அதுலதான். உங்க விரிப்பு நாறுனதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும். தைக்கும் முன்னால எல்லாத் துணியையும் ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணியில ஊறப்போட்டு, காலையில வெந்நீர்ல சவுக்காரம் போட்டு அலசுங்க. தடவிப் பாத்தா பிசுபிசுப்பு இருக்கக் கூடாது.

---

கரிசல் அண்ணாச்சி:

காயவைக்கிறதுக்குத் தனியா ஒரு வார்த்தை. ஒத்தைக் கொடியில நடுவுல மடிச்சுப் போட்டா மடிஞ்ச இடமும் கீழ் ஓரமும் காயவே காயாது. ஒரு முழ இடைவெளியில ரெண்டு கொடி கட்டி, கூடாரம் மாதிரி விரிச்சுப் போடுங்க, உள்ள காத்து போகணும். மதியம் ஒரு தடவை திருப்பணும். முறுக்கிப் பிழியாதீங்க, சுருட்டி வச்சு மேல ஏறி மிதிச்சா தண்ணி இறங்கும், தையலும் தப்பிக்கும்.

பெரிய துவையல் மாசி, பங்குனியிலயே முடிஞ்சிரணும். ஆனி ஆடிக் காத்துல ஒரு மணி நேரத்துல காஞ்சாலும் புழுதி ஏறும், துணியும் கொடியில அடிச்சுக் கிழியும். மேற்க மலையடிவாரத்துல உங்களுக்கு அப்ப சாரல் வேற. ஐப்பசி, கார்த்திகையில விரிப்பைத் துவைக்கவே வேண்டாம். தெளிஞ்ச பொழுது கிடைச்சா வெயில் காட்டி உதறி எடுங்க, நனைஞ்ச இடத்தை மட்டும் அலசுங்க. துணியில கரும்புள்ளி விழுந்துட்டா அப்புறம் போகாது.

---

அம்பை மதினி:

உப்பு விசயம் தெரிஞ்சுக்கிட்டேன், இனி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எடுத்து வைக்கையில வெயில் சூட்டோட பெட்டியில அடைக்காதீங்க. சாயங்காலம் வரைக்கும் நிழல்ல ஆறவிட்டு மடிங்க, சூட்டோட மடிச்சா உள்ள வேர்க்கும். நொச்சி இலையோ வேப்பிலையோ சருகாக் காஞ்ச பிறகு துணிப்பையில கட்டி நடுவுல வையுங்க. பச்சையா வச்சா கறை பிடிக்கும். பிள்ளை விரிப்பு இருக்கிற பெட்டியில பாச்சை உருண்டை போடாதீங்க, அந்த மருந்து சில பிள்ளைகளுக்கு ரத்தத்தைக் கெடுக்கும். போட்டிருந்தா நல்லாத் துவைச்சு ரெண்டு நாள் வெயில்ல கிடந்த பிறகுதான் பிள்ளையைக் கிடத்தணும்.

---

களக்காட்டு வீடு:

இப்பவே எல்லாத்தையும் ஊறப்போட்டுட்டேன். ஏழு சேலையில ரெண்டு வெளிச்சத்துல சல்லடையாத் தெரியுது, ஒண்ணு கலப்பு. மிச்சம் நாலு, துண்டு எட்டுதான் வரும், நாலு அடுக்குல ரெண்டு விரிப்பு. அஞ்சாவது அடுக்குக்கு ஒரு வேட்டியை ரெண்டாக் கிழிச்சு உள்ள வைக்கலாமா மதினி? நீளம் 72 இஞ்சுதான் இருக்கு.

---

அம்பை மதினி:

வைக்கலாம், நூல் வேட்டிதானே. 72ஐ நடுவுல வச்சா தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் எட்டெட்டு இஞ்சு குறையும். இத்துப்போன சேலையில நல்லா இருக்கிற பக்கமாப் பாத்து ஒன்பது இஞ்சுப் பட்டியாக் கிழிச்சு, வேட்டியோட ஓரத்துல ஒரு இஞ்சு ஏத்திவச்சு ஓட்டுத் தையல் போட்டு நீட்டிக்கிடுங்க. மடிச்சுத் தைக்காதீங்க, அந்த இடம் தடிச்சு நிக்கும். வேட்டி அகலம் சேலையைவிட மூணு இஞ்சு கூட, அதை நூலோட்டம் போடும் முன்னாலயே கிழிச்சு எடுத்துருங்க.