இழை: சங்கிலி ரம்பத்தின் ‘பவர் டு வெயிட் ரேஷியோ’ – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். சங்கிலி ரம்பம் வாங்க நினைப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் முடிந்து ஓர் அட்டவணையில் வந்து மாட்டிக்கொண்டேன். மூன்று ரம்பங்களை ஒப்பிடுகிறார்கள்: 35 சிசி, 1.5 கிலோவாட், 4.2 கிலோ; 50 சிசி, 2.6 கிலோவாட், 4.9 கிலோ; 70 சிசி, 4 கிலோவாட், 6.5 கிலோ. கடைசிக் கட்டத்தின் தலைப்புதான் சிக்கல்: ‘பவர் டு வெயிட் ரேஷியோ’, அதாவது ஒரு கிலோ எடைக்கு இஞ்சினின் பவர் எவ்வளவு என்பது. ‘திறன்–எடை விகிதம்’ என்று போட்டேன். படித்துப் பார்த்த நண்பர், “எவ்வளவு எடை தூக்கும் என்பதா?” என்றார். ரம்பம் எதைத் தூக்கும்? வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, விகிதத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் ‘ரம்பம்’ எப்படி உள்ளே வந்தது? மொழிமுதலில் ரகரம் வராது. ‘சங்கிலி’யும் வடமொழி வழி வந்தது. நம்மிடம் சொல் இல்லையா? கட்டிப்போட்ட நாயைப் புறநானூறு (74) ‘தொடர்ப்படு ஞமலி’ என்கிறது. தொடர் என்றால் சங்கிலி. ரம்பத்துக்கு ஈர்வாள் இருக்கிறது; ‘உயிர்ஈரும் வாள்’ என்று குறளே (334) சொல்கிறது. தொடர் + ஈர்வாள் = தொடரீர்வாள். சுருக்கமாக வேண்டுமென்றால் ‘தொடர்வாள்’.

இயந்திரவியல் மாணவர் எழுதியது:

ஐயா, ‘தொடர்வாள்’ என்று அட்டையில் அச்சிட்டால் “யார், கதாநாயகியா?” என்று கேட்பார்கள். ரம்பமே தமிழ்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். அரம் → அரம்பம் → ரம்பம். ‘அரம்போலும் கூர்மையரேனும் மரம்போல்வர்’ (997). அரமும் மரமும் ஒரே வரியில் நிற்கின்றன பாருங்கள்.

தமிழாசிரியர்:

அதே வள்ளுவர் 888இல் ‘அரம்பொருத பொன்போலத் தேயும்’ என்கிறார். அரம் உலோகத்தைத் தேய்ப்பது, மரத்தை அறுப்பதல்ல. அறுப்பதையும் அதைக் கூராக்குவதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

இலங்கையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியது:

ஐயாவும் தம்பியும் கருவியின் பெயரிலேயே நிற்கிறீர்கள். அவர் கேட்டது அட்டவணைத் தலைப்பை. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘பவர்’ என்பது திறன். எங்கள் பாடநூலில் வலு. குதிரைத்திறனை நாங்கள் பரிவலு என்போம், 746 வாற்று. இது பரவாயில்லை, பழகிவிடும். ஆனால் ‘நிறை’தான் பொல்லாத சொல். உங்கள் பிள்ளைகளுக்கு நிறை என்றால் ‘மாஸ்’, எடை என்றால் ‘வெயிட்’. எங்கள் பிள்ளைகளுக்கு ‘மாஸ்’ என்பது திணிவு, ‘வெயிட்’தான் நிறை. ஆக, ‘வலு–நிறை விகிதம்’ என்று நான் எழுதினால் நீங்கள் ஒன்றை நினைப்பீர்கள், நான் வேறொன்றை நினைப்பேன்.

மாணவர்:

கறாராகப் பார்த்தால், கிலோகிராம் எடையின் அலகே அல்ல. எடைக்கு நியூட்டன். எனவே எங்கள் வழக்கில் ‘திறன்–நிறை’, உங்கள் வழக்கில் ‘வலு–திணிவு’. இன்னொன்று: கிலோவாட்டைக் கிலோவால் வகுத்து வருவதை ‘விகிதம்’ என்னலாமா? ஒரே வகை அளவுகளுக்குத்தானே அது? ‘வீதம்’ பொருந்தாதா?

தமிழாசிரியர்:

விகிதமும் வேண்டாம், வீதமும் வேண்டாம். ‘தகவு’ இருக்கிறது. பொறியியல் தமிழில் முன்பே புழங்கியதுதான்.

மரம் அறுப்பவர் ஒருவர் எழுதியது:

இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இது எங்கள் தொழில் என்பதால் எழுதுகிறேன். எங்களிடம் ஈர்வாளும் இல்லை, தொடரும் இல்லை. ‘செயின் சா’ என்போம். வேலை மும்முரத்தில் ‘மிஷினைக் கொடு’, அவ்வளவுதான்.

அந்த 4.9 கிலோவை யாரும் கையில் தூக்குவதில்லை. அது பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) சங்கிலியும் மாட்டாமல், டேங்க் காலியாக இருக்கும்போது இஞ்சினுக்கு உள்ள எடை. பாரும் சங்கிலியும் ஒரு கிலோ. அரை லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 370 கிராம். சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் கால் கிலோ. ஆறரைக் கிலோ வந்துவிட்டது. உங்கள் விகிதம் 0.53 என்று காட்டும். என் கைக்கு அது 0.4தான். பேட்டரி ரம்பத்தில் இன்னும் மோசம், பேட்டரியைச் சேர்க்காமலே எடை போடுகிறவர்கள் உண்டு.

கிளை கழிக்கும்போது ரம்பத்தை நாள் முழுக்க இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே அரைக் கிலோ குறைந்தாலும் சாயங்காலம் தோள் சொல்லும். தரையில் கிடக்கும் அடிமரத்தைத் துண்டு போடும்போது கதை வேறு. ரம்பம் மரத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், அதன் எடையே கீழே இழுத்துக்கொண்டு போகும். அங்கே வேண்டியது பவர். சின்ன இஞ்சினில் நீளமான பாரை மாட்டி அழுத்தினால் சங்கிலி மரத்துக்குள் நின்றுவிடும். இஞ்சின் மட்டும் கத்தும், கிளட்ச் கருகும் வாசனை வரும். அதற்காகச் சின்னக் கிளை வெட்ட 70 சிசியைத் தூக்கிக்கொண்டு போவதும் வீம்புதான்.

அப்புறம் அந்த அரம். ஐயா சொன்னதுதான் சரி. எங்கள் பையில் எப்போதும் ஓர் உருண்டை அரம் இருக்கும். துருவலாக விழாமல் மாவு மாவாகக் கொட்டினால் சங்கிலி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் 4 கிலோவாட் இருந்தும் பயனில்லை.

ஆசிரியை:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு எனக்கு விகிதத்தில் ஆர்வமே போய்விட்டது. தேவையான சொற்கள் இரண்டு. இஞ்சினின் தனி எடைக்கு ‘வெற்றெடை’. எல்லாம் மாட்டி, நிரப்பிக் கையில் எடுக்கும்போது இருப்பதற்குக் ‘கைச்சுமை’. ‘சுமை’யில் நிறை–திணிவுச் சண்டையும் வராது.

தமிழாசிரியர்:

கைச்சுமை! நல்ல சொல். ஆனால் தொகை எது? கையில் உள்ள சுமை என்றால் ஏழாம் வேற்றுமை. கையால் சுமக்கும் சுமை என்றால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இரண்டாவது என்பதே என் துணிபு. தோளில் வார் போட்டுத் தூக்கும் கருவிகளுக்கு அப்போது ‘தோட்சுமை’ என்றாகும்.

மாணவர்:

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கள். இன்றைய சங்கிலியின் பல் ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரத்தொழிலாளி, ஒரு வண்டின் புழு மரத்தைக் குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். அதன் தாடை இடமும் வலமுமாக மாறி மாறி அறுத்தது. அதைப் பார்த்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பல் வைத்தார். ‘குடைவாள்’ என்று யோசிக்கலாமா?

ஆசிரியை:

வேண்டாம் தம்பி. மழையில் குடை பிடிப்பவளும் அதுதான்.

மொழிபெயர்ப்பாளர்:

நாளை வெள்ளி. கை தூக்கியவர்களை எண்ணிவிட்டேன். ‘சங்கிலி ரம்பம்’ அப்படியே இருக்கட்டும் என்றவர்கள் ஐந்து, தொடரீர்வாளுக்கு இரண்டு. தலைப்பு ‘திறன்–எடை விகிதம்’; கீழே ‘கிலோவாட்/கிலோ’ என்று அலகைப் போட்டதும் நண்பருக்குக் குழப்பம் தீர்ந்தது. தகவுக்கு ஐயா மட்டும். எடைக் கட்டத்தை இரண்டாகப் பிரித்து ‘வெற்றெடை’, ‘கைச்சுமை’ என்று போடப் பதிப்பாளர் சம்மதித்துவிட்டார். அந்த எண்களை மட்டும் நம் மரம் அறுக்கும் நண்பர் சரிபார்த்துக் கொடுத்தால் நல்லது.

தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்படவில்லை. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ (வடவெழுத்தை விட்டுவிட்டால் வடசொல் வரலாம்) என்ற தொல்காப்பியர் சலுகையில் சங்கிலி தப்பிக்கலாம். ரகரத்துக்கு அந்தச் சலுகையும் இல்லை. ‘இரம்பம்’ என்றாவது போடுங்கள்.

மரம் அறுப்பவர்:

எண்களைப் பார்த்துவிட்டேன், சரி. ஒரே ஒரு சந்தேகம். ‘பார்’ என்பதைப் ‘பட்டை’ என்று மாற்றியிருக்கிறீர்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் ‘பட்டையில் சங்கிலி சிக்கினால் இஞ்சினை நிறுத்தவும்’ என்று வருகிறது. அது பாரா, மரப்பட்டையா?

தமிழாசிரியர்:

ஆகா. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.