வெள்ளிக் கால் வைத்தேன், அம்மாவின் காலை எடுத்துவிட்டார்கள்

நாகை மகள்:
அம்மாவுக்குச் சர்க்கரை. இடது பெருவிரலில் புண், அப்புறம் பாதம் கறுத்தது. மிச்சத்தை நீங்களே ஊகிப்பீர்கள். ஜனவரியில் வேளாங்கண்ணிக்குப் போய் வெள்ளிக் கால் வாங்கிக் காணிக்கை வைத்தேன். மாதா குளம் வரை மணலில் முட்டி போட்டே போனேன். கேட்டது ஒன்றுதான், கால் தங்க வேண்டும். மே மாதம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்கு மறுநாள் இரவுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. ஐந்து மாதமாக அம்மா படுத்ததே இல்லை, படுத்தால் வலி கூடும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு, சுவரில் தலை சாய்த்து விடியும்வரை உட்கார்ந்திருப்பார். அன்று பத்து மணிக்கே குறட்டை விட்டுத் தூங்கினார். நான் பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மாதா தந்த பதில் இதுதானா? மனசு ஆமாம் என்கிறது. கண் மட்டும் போர்வை தட்டையாகக் கிடக்கும் இடத்துக்கே போகிறது.

கொள்ளிடக்கரை:
தங்கச்சி, எங்களுக்கும் வேளாங்கண்ணிதான். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, சுனாமி வந்த நாள். பஸ் நேரத்துக்குப் போய்ச் சேரணும் என்று அப்பா வழியெல்லாம் செபமாலை சொன்னார். இரண்டு மணி நேரம் தாமதம். எப்போதும் கடலில் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவோம். அன்று நேரே பூசைக்கு ஓடினோம். கூச்சல் கேட்டு வெளியே வந்தால், கடைத்தெருச் சேற்றில் ஒரு குழந்தையின் புது ஷூ, லேஸ் கட்டியபடியே. அந்தத் தாமதம்தான் அப்பாவின் செபத்துக்குப் பதில்.

மணற்குன்று:
அண்ணே, அன்று கடற்கரையில் என் சித்தி இருந்தார். கையில் சுற்றியிருந்த செபமாலையை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். நீங்கள் நன்றி சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் தாமதம்தான் பதில் என்றால், பஸ் சரியாக வந்துசேர்ந்தவர்களுக்கு என்ன பதில்? நானும் பூசை தவறாதவன்தான். பைபிளில், எல்லாம் இழந்து உட்கார்ந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தப்பு.

கொள்ளிடக்கரை:
தம்பி, செத்தவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அப்பாவைப் பற்றித்தான் சொன்னேன்.

நெல்லை ஜெபவீரன்:
நாங்கள் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை. பைபிளில் குஷ்டம் நீங்க வந்த நாகமான், தீர்க்கதரிசி வெளியே வந்து கையசைப்பார் என்று எதிர்பார்த்தான். கிடைத்ததோ யோர்தானில் ஏழுதரம் முழுகு என்ற கட்டளை. எனக்கும் அப்படித்தான், வேலை கேட்டு ஜெபித்தேன், டயாலிசிஸ் வார்டில் ஊழியம் கிடைத்தது. அங்கே பார்த்ததால் சொல்கிறேன். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள். விரலிடுக்கு ஈரத்தைத் துடையுங்கள். ஆணிக்காலை பிளேடால் அறுக்காதீர்கள். சுடுதண்ணீரைக் காலால் சோதிக்காதீர்கள், உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. பாதயாத்திரை என்றாலும் செருப்பைக் கழற்றாதீர்கள். தார் ரோட்டில் கொப்புளம் வந்ததே தெரியாமல் நடந்துவிடுவீர்கள். ஆண்டவர் செருப்பைப் பார்ப்பதில்லை.

நாகை மகள்:
ஐயா, நீங்கள் கடைசியாக எழுதியதை மூன்று தடவை படித்தேன். ஒன்றை நான் எழுதாமல் விட்டிருந்தேன். போன செப்டம்பரில் தம்பி கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டு, அம்மா நாகப்பட்டினத்திலிருந்து வெறுங்காலோடு நடந்தார். கொப்புளம் அப்போது வந்ததுதான். நேற்று கேட்டே விட்டேன், மாதாமேல் வருத்தம் இல்லையா என்று. “நடந்தது நான்தானே, அவ என்ன பண்ணுவா” என்று சொல்லிவிட்டு, பூ தொடுப்பதை நிறுத்தாமல் அடுத்த கண்ணியை இழுத்தார்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போயே ஆகணுமாம். அந்தக் கூட்டத்தில் சக்கர நாற்காலியைக் கோயில் வாசல்வரை தள்ளிக்கொண்டு போக வழி விடுவார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.