அச்சு வேகத்துக்குத் தடை எங்கே? ஹாட்எண்ட் அனுபவங்கள்

பதிவு

முப்பரிமாண அச்சுப்பொறிகளின் விளம்பரங்களில் வினாடிக்கு 500 மி.மீ. என்று காட்டப்படுவது அச்சுத்தலை நகரும் வேகமே. பிளாஸ்டிக்கை உருக்கும் பகுதியான ஹாட்எண்டின் முனைத்துளை, அதாவது நாசிலிலிருந்து பிளாஸ்டிக் வெளிவருவதற்குத் தனிக் கணக்கு உண்டு. லேயர் எனும் அடுக்கின் உயரம், கோட்டின் அகலம், நகரும் வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால், வினாடிக்கு எத்தனை கன மி.மீ. பிளாஸ்டிக் உருக வேண்டும் என்பது தெரியும். 0.2 மி.மீ. உயரமும் 0.45 மி.மீ. அகலமும் கொண்ட கோட்டை 60 மி.மீ. வேகத்தில் இட 5.4 கன மி.மீ. போதும், 150 மி.மீ. வேகத்துக்கு 13.5 கன மி.மீ. வேண்டும்.

என் இயந்திரத்தின் எல்லையை அறிய, பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்காலான கம்பி போன்ற பிலமென்டை 100 மி.மீ. நீளத்துக்கு வெவ்வேறு வேகங்களில் வெறும் காற்றில் வெளித்தள்ளி, வந்ததை எடை போட்டுப் பார்த்தேன். 1.75 மி.மீ. பிலமென்டில் அந்த நீளத்துக்கு ஏறத்தாழ 0.3 கிராம் வர வேண்டும். வினாடிக்குப் பத்து கன மி.மீ. வரை எடை மாறவில்லை. அதற்கு மேல் எடை சிறிது சிறிதாகக் குறைந்தது. வெளிவந்த இழையின் பளபளப்பும் மங்கியது. பிறகு, பிலமென்டைப் பற்சக்கரத்தால் உள்ளே தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் மோட்டார் டக் டக்கென்று பின்னோக்கித் துள்ளத் தொடங்கியது. வெப்பநிலையை 20 டிகிரி உயர்த்தியபோது எல்லை சற்றே நகர்ந்ததே தவிர, மறையவில்லை.

ஹீட்டரின் வாட் போதவில்லை என்றே பலரும் முதலில் எண்ணுவார்கள். ஆனால் வினாடிக்கு 12 கன மி.மீ. பிஎல்ஏவை அறை வெப்பத்திலிருந்து 200 டிகிரிக்குக் கொண்டுசெல்ல ஏறத்தாழ 5 வாட் போதும். வழக்கமான ஹீட்டரோ 40 வாட். உண்மையான தடை பிளாஸ்டிக்கின் இயல்பிலேயே இருக்கிறது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பிஎல்ஏ வெப்பத்தைக் கடத்தும் திறன் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே 12 கன மி.மீ. வேகத்தில் பிலமென்ட் வினாடிக்கு 5 மி.மீ. உள்ளே போகிறது, சூடாகும் பகுதி 12 மி.மீ. நீளம் என்றால், அது அங்கே தங்குவது இரண்டரை வினாடிக்கும் குறைவு. அதற்குள் வெளிப்புறம் உருகிவிடுகிறது, நடுப்பகுதி கெட்டியாகவே நாசிலின் வாயை அடைகிறது. நீளமான உருகு பகுதி கொண்ட வால்கேனோ வகை ஹாட்எண்டுகள் இந்தத் தங்கும் நேரத்தைத்தான் கூட்டுகின்றன.

மறுமொழி

உங்கள் கணக்கோடு முழுமையாக உடன்படுகிறேன், நண்பரே. ரப்பர் போல வளையும் டிபியூ பிளாஸ்டிக்கை அச்சிடும் எங்களுக்கு மட்டும் தடை வேறிடத்தில் வருகிறது. அழுத்தம் ஏறியவுடன் அந்த மென்மையான பிலமென்ட், பல்சக்கரத்துக்கும் குழாயின் வாய்க்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் வளைந்து மடங்கிவிடுகிறது. அதனால் உருகும் எல்லையை எட்டுவதற்கு முன்பே, தள்ளும் விசையின் எல்லை வந்துவிடுகிறது. பிஎல்ஏவில் வேறு தொல்லை: சக்கரத்தின் பற்கள் ஓரிடத்தையே சுரண்டிப் பள்ளமாக்கிவிட்டால், அதன் பிறகு அங்கே பிடிமானமே இருக்காது. இருபுறமும் பற்சக்கரம் உள்ள எக்ஸ்ட்ரூடருக்கு மாறிய பிறகு எங்களுக்கு இது வெகுவாகக் குறைந்தது.

2017-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜேமிசன் கோவும் ஜான் ஹார்ட்டும் செய்த இயந்திரம், விசை, வெப்பம், நகர்வு ஆகிய மூன்று தடைகளையும் சேர்த்தே எதிர்கொண்டது என்பதால் எனக்கு மிகவும் பிடிக்கும். பிலமென்டில் திருகுமரை வெட்டி, நட் போன்ற அமைப்பால் சுழற்றித் தள்ளினார்கள். பிலமென்டை முன்கூட்டியே லேசரால் சூடாக்கினார்கள். சாதாரண மேசை அச்சுப்பொறிகளைவிடப் பத்து மடங்கு வரை வேகம் கிடைத்தது.

மறுமொழி

பிலமென்டை உள்ளே மூன்று கிளைகளாகப் பிரித்து நடுப்பகுதிக்கும் வெப்பத்தைக் கொண்டுசேர்க்கும் பாண்ட்டெக் சிஎச்டி நாசிலை நான் பயன்படுத்துகிறேன். வேறெதையும் மாற்றாமலேயே எல்லை நன்றாக உயர்ந்தது. அதன் பிறகு குளிர்விப்பே தடையாகிவிட்டது. பிஎல்ஏ ஏறத்தாழ 60 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் இறுகும். ஆகவே சிறிய கோபுரம் போன்ற பாகங்களில், கீழ் லேயர் ஆறுவதற்குள் மேல் லேயர் விழுந்து விளிம்புகள் தொய்ந்துவிடுகின்றன. எனவே எடை போட்டுக் கண்ட எல்லையைவிடச் சற்றுக் குறைவான எண்ணை, ஒவ்வொரு பிலமென்டுக்கும் தனித்தனியாக, அச்சுக் கட்டளைகளை உருவாக்கும் மென்பொருளான ஸ்லைசரில் அதிகபட்சக் கன அளவு வேகமாக இட்டுவிட்டு, ஒரு லேயருக்கான குறைந்தபட்ச நேரத்தையும் கூடவே அமைத்துவிடுகிறேன். பெரிய பாகங்களில் முதலாவது எண்ணும், சிறியவற்றில் இரண்டாவதும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.