கலை, கட்டடக்கலை ஆவணப்படங்கள்: தோட்டத்து மண்டபத்தில் எவற்றைத் திரையிடலாம்?

லயத்துக்காரி (சுங்கை சிப்பூட், மலேசியா):
வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஓவியம், கட்டடக்கலை, திரைப்பட வரலாறு ஆகியவை குறித்த ஆவணப்படங்களை மாதந்தோறும் திரையிட எண்ணியுள்ளோம். வருபவர்களில் பாதிப்பேர் ரப்பர் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற முதியவர்கள்; மற்றவர்கள் இடைநிலைப்பள்ளி மாணவர்கள். ஆங்கில வருணனையை நெடுநேரம் கேட்க இரு சாராருக்கும் பொறுமையில்லை. அரைமணி நேரத்திற்குள் முடிகின்ற, கண்ணால் கண்டே புரிந்துகொள்ளத்தக்க படங்கள் எவை?

திரைநேயன்:
அம்மா, நெதர்லாந்து இயக்குநர் பெர்ட் ஹான்ஸ்ட்ராவின் 'கிளாஸ்' (1958) படத்திலிருந்து தொடங்குங்கள். ஏறத்தாழ 11 நிமிடம், வருணனையே கிடையாது. கண்ணாடி ஊதுபவரின் உப்பிய கன்னத்தையும் குழலை உருட்டும் விரல்களையும் காட்டிவிட்டு, புட்டிகளைத் தானே செய்து தள்ளும் இயந்திரத்திற்குப் படம் தாவுகிறது. ஒரு புட்டியின் கழுத்து உடைந்து சிக்கிக்கொள்ள, பின்னால் வருபவை வரிசையாக விழுந்து நொறுங்கியும் இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஒரு மனிதக் கை வந்துதான் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. காலமெல்லாம் கையால் உழைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குறும் ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் விருது பெற்ற படம் இது.

அடுத்து, சத்யஜித் ராய் இயக்கிய 'தி இன்னர் ஐ' (1972). ஐம்பதைக் கடந்த வயதில், கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பார்வையை முற்றாக இழந்த ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றிய படம். சாந்திநிகேதனில் ராய்க்கு ஆசிரியராக இருந்தவர் அவர். வருணனை ஆங்கிலத்தில் இருப்பதால், ஒலியைக் குறைத்துவிட்டு ஒருவர் தமிழில் வாசிக்கலாம்.

கங்காணி பேரன்:
ஒலியைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் படத்தில் பேசுவது ராயின் சொந்தக் குரல். தம் ஆசிரியரைப் பற்றி மாணவர் பேசும் அந்த நிதானத்தை அழித்துவிட்டால் படத்தில் பாதி போய்விடும். தொடங்குமுன் தமிழில் ஐந்து நிமிடம் கதை சொல்லிவிட்டால் போதுமே.

கட்டடக்கலைக்குப் பிரெஞ்சு இயக்குநர் அலன் ரெனேவின் 'உலகின் நினைவெல்லாம்' (1956) நல்ல தேர்வு. பாரிஸிலுள்ள பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் அடுக்குகளுக்கிடையே கேமரா நகர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டடத்தின் நீளத்தையும் ஆழத்தையும் நிழற்படத்தால் இப்படி உணர்த்திவிட முடியாது. அவருடைய 'வான் கோ' (1948) படத்தை மட்டும் முதல் மாதத்தில் போட வேண்டாம். மஞ்சளுக்கே பேர்போன ஓவியரைக் கறுப்பு வெள்ளையில் காட்டினால், "சாயம் எங்கே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், நியாயமாகவே.

பழைய படச்சுருள்:
திரைப்பட வரலாற்றுக்கு, இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தை 1964இல் உருவாக்கிய பி. கே. நாயரைப் பற்றிய 'செல்லுலாய்ட் மேன்' (2012) உண்டு. இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட படமாதலால், உரிமையாளரிடம் கேட்டு ஒரு பகுதியை மட்டும் திரையிடுவதே உசிதம். நம் நாட்டுக் கதையையும் விட்டுவிடாதீர்கள்: புகழ்பெற்ற மலாய் நடிகர் பி. ராம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) மலாய்ப் படத்தை இயக்கிய எல். கிருஷ்ணன் ஒரு தமிழர் என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. பொதுத் திரையிடலுக்கு 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் பொருந்துமாகையால், அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

லயத்துக்காரி:
மிக்க நன்றி. முதல் மாதம் 'கிளாஸ்' படத்தை இருமுறை ஓட்டுவதாக உள்ளோம். ராயின் படத்திற்கு முன்னுரை சொல்ல ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். அனுமதி விவரம் கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.