மாரிஸ் மைனர் டூரர்: மடிப்புக் கூரை வலது பக்கம் நாலு நூல் எட்டவில்லை

சேர்வராயன் காபி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1957 மாடல் மாரிஸ் மைனர் 1000 டூரர், அதாவது துணிக்கூரையை மடித்து வைக்கும் கார், இருக்கிறது, தாத்தா வாங்கியது. ஏற்காடு பக்கம் நாகலூர் தோட்டத்து ஷெட்டில் பல வருஷம் நின்றிருந்த வண்டியைப் போன வருஷம் சேலத்துக்கு இறக்கினோம். 948 சிசி எஞ்சின், பிரேக், வயரிங் எல்லாம் முடிந்தது. பாக்கி இருப்பது கூரை மட்டும்தான்.

பழைய துணி கிழிந்துபோனதால் ஒரு குஷன் கடையில் புது வினைல் போட்டேன். இப்போது கூரையை விரித்து முன்னால் இழுத்தால், இடது கொக்கி முன் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு விரலால் தள்ளினாலே விழுந்துவிடுகிறது, அந்தப் பக்கத் துணியும் லேசாகத் தொய்கிறது. வலது பக்கம் மட்டும் நாலு நூல் இடைவெளி, அதாவது முழுசாக அரை இன்ச். கடைக்காரர், கூரைச் சட்டம் மடங்கித் திரும்பும் வலது பிவட் போல்ட்டுக்கு அடியில் மூன்று வாஷர் கொடுத்துப் பார்த்தார். மூன்று நூலாகக் குறைந்தது, ஆனால் மடிக்கும்போது கம்பிச் சட்டம் உடம்பில் உரசிப் பெயின்ட் போகிறது. சட்டத்தின் வலது கம்பியைச் சூடுபடுத்தி வளைத்தால் சரியாகிவிடும் என்கிறார்.

மே மாதக் கோடை விழாவுக்குள் அம்மாவை இதில் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். வளைக்கலாமா, சொல்லுங்கள்.

குகை டிங்கர்:

தம்பி, தயவுசெய்து கம்பியில் கை வைக்காதீங்க. ஒருமுறை சூடு காட்டி வளைத்த மடிப்புச் சட்டம் மறுபடி மட்டத்துக்கு வரவே வராது.

முதலில் இதைச் சொல்லுங்க: இடது கதவு எப்படிச் சாத்துது? கதவின் பின் ஓரத்தில், மேல் மூலையில் எவ்வளவு சந்து, கீழே எவ்வளவு சந்து? இரண்டையும் அளந்து போடுங்க.

அஸ்தம்பட்டி பாப்பு:

வலது பக்கத் துணியை அவிழ்த்துத் திரும்ப இழுத்து அடித்தால் போதும் என்று நினைக்கிறேன். வினைல் இழுபடும்.

சேர்வராயன் காபி:

டிங்கர் அண்ணா, நீங்கள் கேட்டதும் போய் அளந்தேன். இடது கதவு மேல் மூலையில் ஒரு நூல்கூட இல்லை, தகடும் தகடும் உரசிப் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. கீழே இரண்டரை நூல். வலது கதவில் மேலும் கீழும் ஒன்றரை. இடது கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும். கீல் தேய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

குகை டிங்கர்:

கீலா இல்லையா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். கதவைத் திறந்து வைத்து, பின் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்குங்க. கீலில் ஆட்டம் இருந்தால் டொக்கென்று தட்டுவது கையில் தெரியும். ஆட்டமே இல்லாமல் இவ்வளவு சந்து வித்தியாசம் என்றால் கோளாறு கதவில் இல்லை, வண்டியின் உடம்பில் இருக்கிறது.

அது எப்படி என்று சொல்றேன். மைனருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடம்புதான் சேஸிஸ். மூடுவண்டிக்கு மேல்கூரையும் சேர்ந்து பலம் கொடுக்கும். டூரரில் அந்தக் கூரை இல்லாததால் பாரம் கதவுக்குக் கீழே ஓடும் சில்லின் மேலும் தரைத்தகட்டின் மேலும் விழுகிறது. அதனால்தான் கம்பெனியே டூரருக்கு அங்கங்கே கூடுதல் தகடு வைத்துச் செய்தது. அந்தச் சில் துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். நடுவில் தொய்ந்தால் கதவுக்கு இரு பக்கமும் நிற்கும் தூண்கள், அதாவது முன் பில்லரும் பின் பில்லரும், மேலே ஒன்றையொன்று பார்த்துச் சாயும்.

உங்க வண்டியில் இடது பக்கம் மட்டும் தொய்ந்திருக்கு. அதனால் இடது பக்கக் கூரை நீளமாகிப் போச்சு, கொக்கி சுலபமாக விழுது, துணி லூசாகுது. வலது பக்கம் எட்டவில்லை என்று நீங்க நினைக்கிறீங்க. வலதில் பெரிய கோளாறு இருக்காது, இடதுதான் முன்னால் தள்ளி நிற்குது.

கூரையை மடித்து, வண்டியைச் சமதரையில் நிறுத்துங்க. கார் பார்க்கிங் சரிவு ஆகாது, மட்டக்குழாய் வைத்துப் பார்த்துக்குங்க. இடது பிவட் போல்ட்டிலிருந்து வலது கண்ணாடிச் சட்ட மூலைக்கு நூல்கயிறு பிடிங்க, அப்புறம் வலதிலிருந்து இடதுக்கு. அப்புறம் முன் சீட்டுக்கு அடியில் குறுக்கே ஓடுற கிராஸ் மெம்பரின் இடது முனையில் மரக்கட்டை வைத்து ஜாக்கியை மெதுவாக ஏற்றுங்க. சக்கரம் தரையை விட்டு எழும்பவே கூடாது. சந்து மாறுதா என்று மட்டும் பாருங்க.

சேர்வராயன் காபி:

கீலில் ஆட்டமே இல்லை. கயிறு வைத்துப் பார்த்ததில் இரண்டு மூலைவிட்டத்துக்கும் மூன்று நூல் வித்தியாசம். ஜாக்கியை நாலு அழுத்து அழுத்தியதும் கதவின் மேல் சந்து கண் முன்னாலேயே திறந்தது. உரசிய இடத்தில் ஒரு நூலுக்கு வெளிச்சம் தெரிந்தது. கூரையை அப்படியே முன்னால் இழுத்தேன், வலது கொக்கி ஒரு நூல் இடைவெளியில் வந்து நின்றது. நம்பவே முடியவில்லை.

இடது சில்லை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பெயின்ட்டுக்கு அடியில் பூசிய பட்டிதான் உதிர்கிறது, அதற்கு உள்ளே துரு. ஷெட்டில் வண்டியின் இடது பக்கம் சுவரை ஒட்டி நிற்கும், ஓட்டுக்கூரை ஒழுகலும் அங்கேதான். இத்தனை வருஷ மூடுபனியும் மழையும் சேர்ந்திருக்கின்றன.

குகை டிங்கர்:

அப்படியானால் வேலை தெளிவு. ஒன்றே ஒன்றைக் கெட்டியாகப் பிடிச்சுக்குங்க: சில்லை வெட்டுவதற்கு முன்னால் கதவுத் திறப்பில் தாங்கலாக இரும்பு ஆங்கிள் கட்டணும். ஜாக்கி ஏற்றி, சந்து சரியாக வந்த நிலையில், முன் பில்லருக்கும் பின் பில்லருக்கும் நடுவில் ஒன்று, குறுக்கே ஒன்று. வண்டி நாலு சக்கரத்தில்தான் நிற்கணும், லிஃப்டில் தொங்கக் கூடாது. ஆங்கிள் கட்டாமல் வெட்டிவிட்டால் தொய்ந்த நிலையிலேயே வெல்டிங் உறைந்துபோகும், அதற்குப் பிறகு கூரை ஜென்மத்துக்கும் பொருந்தாது. இப்படிக் கெட்ட ஒரு டூரரை நானே பிரித்துச் செய்திருக்கேன், இரண்டு மாசம் ஆச்சு.

ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் அடிக்கச் சொல்லாதீங்க. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, நடுநடுவே கதவைச் சாத்திப் பார்க்கணும். புதுத்துணியைக் கழற்றி வைங்க, பேட்டரியை எடுத்துடுங்க. பெட்ரோல் டேங்க் டிக்கி தரைக்கு அடியில் இருக்கு, மறந்துடாதீங்க.

ஏற்காடு அடிவாரம்:

இன்னொன்று. வினைல் குளிரில் சுருங்கி விறைத்துக்கொள்ளும். சேலத்து ஏப்ரல் வெயிலில் 38 டிகிரியில் தொய்வே இல்லாமல் இழுத்து அடித்தால், 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனதும் காலையில் கொக்கி எட்டாது. அடிக்கும்போது ஒரு நூல் விட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஈரத்தோடு மடித்தும் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும், கூரையின் முன் ஓரத்து மரக்கட்டையும் ஊறிப்போகும்.

அஸ்தம்பட்டி பாப்பு:

நான் துணியை இழுக்கச் சொன்னது தவறு. அப்படிச் செய்திருந்தால் வலது பக்கத் தையல்தான் பிரிந்திருக்கும். டிங்கர் அண்ணா சொன்னதே சரி.

சேர்வராயன் காபி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். இடது சில் உள்ளும் புறமும் புதுத்தகடு, கிராஸ் மெம்பரின் முனையும் புதுசு. ஆங்கிள் கட்டித்தான் வெட்டினார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன். ஆங்கிளைக் கழற்றிய அன்று கதவுச் சந்து மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை. மூலைவிட்டத்தில் அரை நூல் வித்தியாசம்தான்.

பிறகு அந்த மூன்று வாஷரையும் எடுத்துவிட்டு, இரண்டு பிவட் போல்ட்டையும் லூசாக்கி, முதலில் இரண்டு கொக்கியையும் பூட்டி, சட்டம் தானாக உட்கார்ந்த பிறகு போல்ட்டை முடுக்கினோம். துணியை ஒரு நூல் விட்டு அடித்தார்கள். முன் ரப்பர் பீடிங்குக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு தாளை வைத்து இழுத்துப் பார்த்தேன். இடது, நடு, வலது மூன்று இடத்திலும் ஒரே இறுக்கம்.

நேற்று விடியற்காலை அம்மாவோடு ஏரிக்கரையில் நின்றோம். நல்ல மூடுபனி. கூரையை விரித்ததும் அம்மாவே வலது கொக்கியைப் பூட்டினார். கொஞ்சம் அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். டிங்கர் அண்ணா, அடுத்த வாரம் வண்டியோடு குகைக்கு வருகிறேன், ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள்.