புதுப்பிப்பு: சார்மவுத் போய் வந்தோம், அம்மோனைட் கிடைத்தது

இங்கிலாந்து போகும்போது எட்டு வயது மகனை டோர்செட் கரையில் புதைபடிவம் தேடக் கூட்டிப்போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தாராளமாகப் போகலாம்.

முதலில் கரையிலேயே இருக்கும் சார்மவுத் பாரம்பரியக் கடற்கரை மையத்துக்குப் போங்கள். புதைபடிவங்களைக் கையில் எடுத்தே பார்க்கலாம். அப்புறம் கடல் வற்றும் நேரமாகப் பார்த்து இறங்குங்கள். பாறைச் சரிவுக்கு அடியில் நிற்கவே வேண்டாம், மண் சரியும். சுத்தியலும் தேவையில்லை.

ஒரு மணி நேரம் வெறும் கூழாங்கல்தான். திடீரென்று மகன், "அப்பா, நத்தை!" என்றான். கட்டைவிரல் நகம் அளவு அம்மோனைட், அதாவது எப்போதோ அழிந்துபோன, சுருள் ஓடுள்ள கடல் உயிரியின் புதைபடிவம். பித்தளை போல மின்னியது. ஏறக்குறைய 19 கோடி ஆண்டுப் பழசு! நத்தை இல்லை, நம் கணவாய்க்குத்தான் சொந்தம். புதைபடிவம் தேடுவதில் பேர்பெற்ற மேரி ஆனிங் சின்னப் பெண்ணாக, 1812இல் இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்ததும் இந்தக் கரையில்தான். அதைச் சொன்னதும் அவனுக்குக் கண் விரிந்துவிட்டது.

பினாங்குக்காரர்கள் கவனியுங்கள்: அந்த மினுமினுப்பு பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். நம் ஊர் ஈரக்காற்றில் நாளடைவில் வெடித்துப் பொடியாகிவிடும். இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறோம். மகன் தினமும் திறக்கக் கேட்கிறான். ஞாயிறு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன்.