குழுவில் நக்கல் கூடிப்போச்சு, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. டெலிகிராமில் புகைப்படம் கற்பவர்களுக்கான ஒரு குழுவை நானும் இன்னும் இருவரும் பார்த்துக்கொள்கிறோம். கெட்ட வார்த்தை எழுதினால் நீக்கிவிடலாம், அது சுலபம். சிக்கல் நக்கலில்தான். போன வாரம் புதிதாக வந்த ஒருவர், ஓடும் நாயை எடுத்த படத்தைப் போட்டார். கொஞ்சம் கலங்கலாக இருந்தது. முதல் பதில்: "கேமராவை வித்துட்டு வேற வேலை பாருங்க." அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள் வேறு. "ஷட்டர் வேகத்தை 1/500க்கு மேல் வைத்துப் பாருங்கள்" என்று ஒருவர் பொறுமையாகச் சொன்னது அதற்கடியில் புதைந்துபோனது. படம் போட்டவர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

முகம் தெரியாத இடத்தில் மனிதருக்குத் தயக்கம் விட்டுப்போவதைப் பற்றி உளவியலாளர் ஜான் சூலர் 2004இலேயே எழுதிவிட்டார். சரி, காரணம் புரிகிறது, என்ன செய்வது? ஸ்லோ மோடு (ஒருவர் ஒரு செய்தி போட்டதும் கொஞ்ச நேரம் காத்திருந்தால்தான் அடுத்ததைப் போட முடியும்) போட்டுப் பார்த்தோம். சண்டை குறைந்தது, நக்கல் மட்டும் ஆற அமர யோசித்து வந்தது! நக்கல் செய்பவர்களில் சிலர் தொழில் நன்றாகத் தெரிந்தவர்கள், வெளியேற்ற மனமில்லை.

குழு நடத்தி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: இப்படிப்பட்டவரிடம் தனியாகப் பேசுவீர்களா, எல்லோர் முன்னாலுமா? பேச்சை எப்படி ஆரம்பிப்பீர்கள்? "குறை சொன்னால் திருத்தும் வழியையும் சொல்ல வேண்டும்" என்று விதி வைத்தவர்கள் இருந்தால், அது எடுபட்டதா?